கசப்புக்கு இடம் விடும் இனிப்பு

1994ஆம் ஆண்டு. தெற்குக் கலிஃபோர்னியாவில் டெமெகுலா என்றொரு ஊர். வின்னி சிலுர்ஸோ என்ற இளைஞர் அங்கே ‘பிளைண்ட் பிக்’ என்ற பெயரில் சின்னதாக ஒரு பீர் ஆலை தொடங்குகிறார். சாமான்கள் எல்லாம் அரதப் பழசு. இவற்றில் காய்ச்சினால் முதல் ஈட்டில் வேண்டாத வாடை ஏதாவது வந்தே தீரும் என்று அவருக்குத் தெரியும். வாடையை ஒழிக்க வழியில்லை, ஆனால் அமுக்கிவிடலாம். ஐபிஏ, அதாவது ‘இந்தியா பேல் ஏல்’ பீரின் செய்முறையைக் கையில் எடுத்தார். கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸை இரண்டு மடங்காக்கினார். இனிப்புக்கும் போதைக்கும் மூலமான மால்ட்டைச் சுமார் 30 சதவீதம் மட்டும் கூட்டினார். வந்த பீருக்கு ‘இனாகுரல் ஏல்’ என்று பெயர் வைத்தார். பின்னாளில் ‘டபுள் ஐபிஏ’ என்று உலகமெங்கும் பரவிய பீர் வகைக்கு முன்னோடியாக இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கதையில் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பெயர் டபுள். ஹாப்ஸும் டபுள். மால்ட் மட்டும் ஏன் ஒன்றேகாலுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது? குழம்பில் புளியை இரட்டித்தால் உப்பையும் காரத்தையும் இரட்டிப்பதுதானே சமையலறைக் கணக்கு? கசப்பு ஏறும்போது இனிப்பும் அதே அளவு ஏறினால்தானே சமநிலை?

பீரில் இந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று தெரிந்துகொள்ள, முதலில் இந்த இரண்டு பொருள்களையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளங்கையில் மஞ்சள் பொடி

ஹாப்ஸ் ஒரு கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண், பெண் எனத் தனித்தனிக் கொடிகள். பீருக்கு வேண்டியது பெண்கொடியின் பூங்கொத்து. கட்டைவிரல் நுனி அளவில், இளம்பச்சை இதழ்கள் அடுக்கடுக்காக மூடிய சின்னக் கூம்பு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா பள்ளத்தாக்குதான் இதன் பெரிய விளைநிலம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அறுவடை நடக்கும். அப்போது ஹாப்ஸ் வாங்க வருகிறவர்கள் கூம்பை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். கசக்கிய கையை விரித்தால் இதழ்களின் அடியிலிருந்து உதிர்ந்த மஞ்சள் பொடி பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அதற்கு லூபுலின் என்று பெயர். கசப்பு, மணம் இரண்டும் அந்தப் பொடிக்குள் இருக்கின்றன.

கசப்புக்குக் காரணம் ஆல்ஃபா அமிலங்கள் என்ற பிசின்கள். இவை நேரடியாக நீரில் கரைவது குறைவு. கொதிக்க வைத்தால்தான் வித்தை நடக்கிறது. அமில மூலக்கூறின் நடுவே ஆறு கார்பன் அணுக்களால் ஆன வளையம் ஒன்று இருக்கிறது. கொதிநிலையில் அந்த வளையம் ஐந்தாகச் சுருங்கிக்கொள்கிறது. ஓர் அணுகூடச் சேரவில்லை, ஓர் அணுகூடப் போகவில்லை. இருந்த அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்தன, அவ்வளவுதான். இப்படி மாறிய ஐசோ ஆல்ஃபா அமிலம் நீரில் கரைகிறது, நாக்கில் நன்றாகக் கசக்கிறது. இந்த மாற்றம் மெதுவாக நடப்பதால் கசப்புக்கான ஹாப்ஸை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்க விடுகிறார்கள்.

கசப்பை அளக்க ஐபியு என்ற அலகு இருக்கிறது. ஒரு லிட்டர் பீரில் ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருந்தால் ஏறக்குறைய ஒரு ஐபியு. சாதாரண லாகர் பீரில் 10 முதல் 20 வரை இருக்கும். டபுள் ஐபிஏவில் 60க்குக் குறைவாக இருப்பது அரிது. 90ஐத் தொடுவதும் சகஜம்.

மணம் வேறு கதை. அதே மஞ்சள் பொடியில் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களும் இருக்கின்றன. கொத்துமல்லி விதையை நசுக்கினால் வரும் வாசத்துக்கு முக்கியக் காரணமான லினலூல் ஹாப்ஸிலும் உண்டு. மிளகில் இருக்கும் கேரியோஃபிலீனும், சில மாம்பழ வகைகளின் மணத்தில் பங்குள்ள மிர்சீனும் உண்டு. வாசம் நிற்க வேண்டுமென்றால் கொதிக்க விடக் கூடாது. கசப்பு வர வேண்டுமென்றால் கொதிக்க விட்டே ஆக வேண்டும். ஒரே பொருளிடம் இரண்டையும் கேட்பதால் ஹாப்ஸைப் பங்கு பிரித்துப் போடுகிறார்கள்: கொதியின் தொடக்கத்தில் கசப்புக்கு ஒரு பங்கு, அடுப்பை அணைக்கும் தருவாயில் மணத்துக்கு ஒரு பங்கு, நொதித்து ஆறிய பீரில் பச்சையாகவே இன்னொரு பங்கு. இந்தக் கடைசி வேலைக்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். இதில் ஒரு சூதும் ஒளிந்திருக்கிறது, பிறகு வருகிறேன்.

நான்கு டிகிரி வித்தியாசம்

மால்ட் நமக்குப் புதிதல்ல. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைக்கிற வீடுகளில் நடப்பதுதான் பார்லிக்கும் நடக்கிறது. முளை விடும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அவற்றின் வேலை. சோற்றை வாயில் வைத்து வெகுநேரம் மென்றால் லேசாக இனிக்கிறதே, அங்கே உமிழ்நீரிலுள்ள நொதி செய்வதும் இதே வேலைதான்.

நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது இரண்டு நொதிகள் களத்தில் இறங்குகின்றன. பீட்டா அமைலேஸ் பொறுமைசாலி. மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாகக் கடித்துத் தின்னும். அப்படிக் கழன்று விழுவது மால்ட்டோஸ். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டுக்குப் பிடித்த சாப்பாடு. இந்த நொதிக்கு 63 டிகிரி செல்சியஸ் சுகமான சூடு; 70ஐத் தாண்டினால் சீக்கிரமே செத்துவிடும். ஆல்ஃபா அமைலேஸ் முரடு. சங்கிலியை நடுவில், கண்ட இடத்தில் வெட்டும். 70 டிகிரியிலும் தெம்பாக இருக்கும். அது வெட்டிப் போடும் துண்டுகளில் பல ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீளத்தில் இருக்கும். அவைதாம் டெக்ஸ்ட்ரின்கள். அதிகம் இனிக்காது, ஆனால் பீருக்கு வாயில் ஒரு கனத்தைக் கொடுக்கும்.

ஆக, வெப்பமானியில் 65 டிகிரிக்கும் 69 டிகிரிக்கும் நடுவே உள்ள நான்கு டிகிரியில் பீரின் உடல்வாகு தீர்மானமாகிறது. குறைந்த சூட்டில் ஊறினால் சர்க்கரையில் பெரும்பங்கை ஈஸ்ட் தின்று தீர்க்கும். பீர் ஒல்லியாக, வறட்டென்று முடியும். கூடிய சூட்டில் ஊறினால் மிச்சம் அதிகம், பீர் தடிக்கும்.

வடித்தெடுத்த இந்த இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அதன் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம் என்றால், சாதாரண பீருக்கான ஒரு லிட்டர் வோர்ட் 1050 கிராம் இருக்கும். இதை 1.050 என்று எழுதுவது வழக்கம். டபுள் ஐபிஏவின் வோர்ட் 1.065லிருந்து 1.085 வரை போகும். நொதித்து முடிந்தபின் மறுபடி அளப்பார்கள். எவ்வளவு சர்க்கரை ஆல்கஹாலாக மாறியது என்பதை முன்னளவுக்கும் பின்னளவுக்கும் உள்ள இடைவெளி காட்டும்.

இப்போது சிலுர்ஸோவின் 30 சதவீதத்துக்கு வரலாம். ஐபிஏ ஒன்றின் வோர்ட் 1.060 என்று வைத்துக்கொள்வோம். மால்ட்டை 30 சதவீதம் கூட்டினால் 1.078. பீரில் ஆல்கஹால் 8, 9 சதவீதத்துக்கு வந்துவிடும். மால்ட்டையும் இரட்டித்தால் 1.120. ஆல்கஹால் 12 சதவீதத்தை நெருங்கும். அதோடு, தின்ன முடியாமல் ஈஸ்ட் விட்டுவைக்கும் மிச்சமும் இரண்டு மடங்காகும். அதை டபுள் ஐபிஏ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கிலாந்தில் பார்லி வைன் என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. குளிர்கால இரவில் சின்னக் கோப்பையில் ஊற்றி நிதானமாகக் குடிக்கிற தடித்த சரக்கு அது.

கெட்டிச் சாறு கசப்பை விடாது

மால்ட் கூடும்போது ஹாப்ஸுக்கு இன்னொரு இடைஞ்சலும் வருகிறது. வோர்ட் கெட்டியாகக் கெட்டியாக, அதே அளவு ஹாப்ஸிலிருந்து இறங்கும் கசப்பு குறைகிறது. கிளென் டின்ஸெத் என்பவர் 1990களில் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். இன்றும் சின்ன ஆலைகளிலும் வீடுகளிலும் பீர் காய்ச்சுகிற பலர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

20 லிட்டர் பீரில் 90 ஐபியு கசப்பு வேண்டும்; கையில் இருப்பது 15 சதவீதம் ஆல்ஃபா அமிலம் உள்ள ஹாப்ஸ்; ஒரு மணி நேரம் கொதி. வோர்ட் 1.050 என்றால் அந்தச் சூத்திரப்படி ஏறக்குறைய 52 கிராம் ஹாப்ஸ் போதும். வோர்ட் 1.072 என்றால் 63 கிராம் வேண்டும். இந்தக் கெட்டி வோர்ட்டில் போட்ட ஆல்ஃபா அமிலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கசப்பாகப் பீருக்குள் போய்ச் சேரவில்லை என்பதையும் இந்தக் கணக்கு சொல்கிறது. போய்ச் சேர்ந்ததிலும் கொஞ்சத்தை ஈஸ்ட்டும் நுரையும் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே மால்ட்டையும் கூட்டிக்கொண்டு ஹாப்ஸை இரட்டித்தால் கசப்பு இரட்டிக்கும் என்பதே முதலில் தப்பு.

ரே டேனியல்ஸ் என்ற எழுத்தாளர் 1996இல் வந்த தன் நூலில் சமநிலைக்கு ஒரு எளிய அளவுகோலைப் பிரபலமாக்கினார். கசப்பை வோர்ட்டின் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள் என்றார். 1.050 வோர்ட்டில் 40 ஐபியு என்றால் 40ஐ 50ஆல் வகுக்க 0.8. டபுள் ஐபிஏவில் 1.072க்கு 90 ஐபியு என்றால் 1.25. எண் ஒன்றைத் தாண்டிவிட்டால் கசப்பின் கை ஓங்கிவிட்டது என்று பொருள்.

நல்ல அளவுகோல்தான். ஆனால் அது பார்ப்பது காய்ச்சும்போது இருந்த இனிப்பை. குடிக்கும்போது இருக்கிற இனிப்பை அல்ல. 1.072இல் தொடங்கிய இரண்டு பீர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1.011இல் முடிந்தது, மற்றது 1.020இல் நின்றுவிட்டது. முதல் பீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 55 கிராம் மால்ட் சத்து மிஞ்சும்; இரண்டாவதில் சுமார் 75 கிராம். டேனியல்ஸின் எண் இரண்டுக்கும் ஒன்றுதான். நாக்கிலோ இரண்டும் வெவ்வேறு பீர்கள். முதலாவது கசந்து, துடைத்ததுபோல் முடியும். இரண்டாவதில் கசப்பு இனிப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இருமல் மருந்தை நினைவூட்டும்.

இங்கே நாக்கின் சூட்சுமம் ஒன்று உண்டு. கசப்பை இனிப்பு அழிப்பதில்லை; மறைக்கத்தான் செய்கிறது. அந்த மறைப்பும் பெரும்பாலும் நாக்கில் நடப்பதில்லை, மூளையில் நடக்கிறது. நாக்கின் ஒரு பாதியில் கசப்பையும் மறுபாதியில் சர்க்கரைக் கரைசலையும் தனித்தனியாக வைத்து 1985இல் ஓர் ஆய்வு நடத்தினார்கள். இரண்டும் கலக்கவே இல்லை. ஆனாலும் கசப்பு குறைவாகத் தெரிந்தது. பாகற்காய்க் குழம்பில் வெல்லம் போடுகிற கை செய்வதும் இதுதான். கசப்பு குழம்பை விட்டு எங்கும் போகவில்லை. நமக்குத் தெரியாமல் ஒதுங்கி நிற்கிறது. ஆனால் இனிப்பு சட்டென்று வந்து சட்டென்று போகும். கசப்பு நிதானமாக வந்து வெகுநேரம் தங்கும். ஆகவே இனிப்பைக் கொட்டிக் கசப்பைச் சமன் செய்யப் பார்த்தால் முதல் மடக்கில் இரண்டும் கைகோத்து நிற்கும். நான்காவது மடக்கில் திகட்டலும் கசப்பும் தனித்தனியாக மிஞ்சும்.

சர்க்கரை போட்டு இனிப்பைக் குறைப்பது

சிலுர்ஸோ பின்னர் ரஷ்யன் ரிவர் என்ற ஆலைக்குப் போனார். 2000ஆம் ஆண்டு, ஹேவர்ட் என்ற ஊரில் ‘தி பிஸ்ட்ரோ’ என்ற மதுக்கூடம் டபுள் ஐபிஏ வகைக்கென்றே ஒரு விழா நடத்தியது. அதற்காக அவர் காய்ச்சிய பீர் ‘பிளைனி தி எல்டர்’. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோமானிய அறிஞரின் பெயர் அது. வில்லோ மரங்களுக்கிடையே ஓநாய்போல வளரும் ஒரு செடியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அது ஹாப்ஸ்தானா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருந்தாலும், ஹாப்ஸின் தாவரப் பெயரில் ஓநாய்க்குட்டி ஒன்று இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஹ்யூமுலஸ் லூபுலஸ்.

அந்தப் பீரை வீட்டில் காய்ச்ச விரும்புவோருக்காக அவரே ஒரு செய்முறை வெளியிட்டார். அதைப் படித்தால் டபுள் ஐபிஏவின் ரகசியம் ஹாப்ஸ் பட்டியலைவிட மால்ட் பட்டியலில்தான் இருப்பது தெரியும். பெரும்பகுதி வெளிர்நிறச் சாதாரண மால்ட். கேரமல் வாசமும் நிறமும் தருகிற கிரிஸ்டல் மால்ட் 4 சதவீதம் மட்டுமே. அதோடு 5 சதவீதம் வெறும் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை.

கசப்பு 90 ஐபியுவைத் தொடும் பீரில் சர்க்கரை எதற்கு? இனிப்புக்கா? நேர்மாறு. டெக்ஸ்ட்ரோஸை ஈஸ்ட் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தின்றுவிடும். அதிலிருந்து கிடைப்பது ஆல்கஹாலும் கரிவளியும் மட்டுமே. அதே ஆல்கஹாலை மால்ட்டிலிருந்து எடுத்திருந்தால் டெக்ஸ்ட்ரின் மிச்சமும் கூடவே வந்திருக்கும். போதாததற்கு ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. அது கூடக்கூடப் பீரின் அடர்த்தி இறங்கும். சர்க்கரை போட்டதால் பீர் ஒல்லியாகி, இனிப்பு குறைந்து, வறட்டென்று முடிகிறது. 1.070ஐ ஒட்டித் தொடங்கும் வோர்ட் 1.011 வரை இறங்குவதற்கு இது ஒரு காரணம். குறைந்த சூட்டில் ஊறவைப்பது, நன்றாகத் தின்னும் ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை மற்ற காரணங்கள்.

வலுவான பீருக்கு மால்ட் வேண்டும். ஆல்கஹாலில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் அந்த மால்ட் வந்த சுவடு தெரியாமல் ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டும். தாங்கிப் பிடிக்கிற தூணாக இருக்கலாம், ஆனால் வாசலை அடைக்கக் கூடாது. ஆல்கஹாலே லேசாக இனிக்கிற பொருள், வாயில் ஒரு வெதுவெதுப்பும் கனமும் தருகிற பொருள் என்பதால் மிச்ச இனிப்பு நிறையத் தேவைப்படுவதுமில்லை. இந்தியச் சந்தையில் ‘ஸ்ட்ராங்’ என்று விற்கும் லாகர் பீர்களும் 8 சதவீதம் வரை போகின்றன. இரண்டுக்கும் ஆல்கஹால் ஒன்றுதான். ஆனால் அவற்றில் ஹாப்ஸ் பேருக்குத்தான் இருக்கும். அதனால் அந்த வலு இனிப்பும் காட்டமுமாகவே தொண்டையில் இறங்குகிறது.

எல்லோரும் சிலுர்ஸோவின் வழியில் போகவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், டெலவேர் மாநிலத்தில், டாக்ஃபிஷ் ஹெட் ஆலையின் சாம் கலாஜியோனி ஒரு சமையல் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். சமையற்காரர் சூப்பில் மிளகை ஒரே மூச்சாகக் கொட்டாமல், கொதிக்கக் கொதிக்கச் சிறுகச் சிறுகத் தூவினார். ஹாப்ஸையும் அப்படித் தூவினால் என்ன? அதிரும் பலகையில் பொம்மை ஆட்டக்காரர்கள் நகரும் பழைய கால்பந்து விளையாட்டுச் சாமான் ஒன்றைக் கொப்பரைக்கு மேலே சாய்த்து வைத்தார். அதிர்வில் ஹாப்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழுந்தது. 2001இல் வந்த ‘90 மினிட் ஐபிஏ’வின் பிறப்பு இப்படித்தான். 90 நிமிடக் கொதி, 90 ஐபியு, 9 சதவீதம் ஆல்கஹால். அதில் மால்ட் ஒளிவதில்லை. வறுத்த ரொட்டி மணத்தோடு துணிந்து முன்னால் வருகிறது. கசப்பு எண் ஏறக்குறைய பிளைனியின் எண்ணேதான். ஆனால் சமநிலை வேறொரு புள்ளியில் நிற்கிறது.

தண்ணீருக்கும் ஒரு பக்கம் உண்டு

ஐபிஏ என்ற பெயரில் ‘இந்தியா’ இருப்பது சும்மா அல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில் லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பீர், கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் பம்பாய்க்கும் வந்து இறங்கியது. ஹாப்ஸ் அழுகலைத் தடுக்கும் என்பதால் தூரதேசம் போகும் பீரில் ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டார்கள். 1822 வாக்கில் பர்ட்டன் நகரத்து ஆல்ஸாப் ஆலை போட்டிக்கு வந்தது; லண்டன் பீரை ஓரங்கட்டியது. அன்றைய ஐபிஏ இன்றைய டபுள் அளவுக்கு வலுவானதல்ல; 6 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.

பர்ட்டன் ஜெயித்ததற்குப் பெரிய காரணம் அதன் கிணற்று நீர். ஜிப்சப் பாறைகளை ஊடுருவி வரும் அந்த நீரில் சல்ஃபேட் ஏராளம். சல்ஃபேட் மிகுந்த நீரில் காய்ச்சிய பீரின் கசப்பு கூர்மையாக, வறட்டென்று முடியும். குளோரைடு மிகுந்தால் மால்ட்டின் வழவழப்பும் உருண்டையும் தூக்கலாகத் தெரியும். இன்று டபுள் ஐபிஏ காய்ச்சும் ஆலைகளில் ஜிப்சம் பொடியை எடைபோட்டு நீரில் கலக்கிறார்கள். பிற ஊர் நீரைப் பர்ட்டன் நீராக்கும் இந்த வேலைக்கு ‘பர்ட்டனைஸ் செய்வது’ என்றே பெயர். மால்ட்டையும் தொடாமல் ஹாப்ஸையும் தொடாமல், சில கிராம் உப்பால் தராசை ஒரு பக்கம் சாய்க்கலாம்.

வெர்மாண்ட் மாநிலத்தில் ‘ஹெடி டாப்பர்’ என்ற டபுள் ஐபிஏவின் வழியில் வளர்ந்த கலங்கல் பீர்கள் தராசை எதிர்ப்பக்கம் சாய்த்தன. ஓட்ஸ், கோதுமை, குளோரைடு மிகுந்த நீர், கொதியில் குறைந்த ஹாப்ஸ், ஆறியபின் மிகுந்த ஹாப்ஸ். அதே 8 சதவீதம்தான். குடித்தால் பழச்சாறுபோல் இருக்கும். இந்தப் பழவாசத்தில் தயால்கள் என்ற கந்தகச் சேர்மங்களுக்குப் பங்கு உண்டு. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அளவோடு இருந்தால் கொடித்தோடைப் பழம். மிஞ்சினால் பூனை மூத்திரம்.

ஹாப்ஸ் வைத்திருக்கும் கத்தி

டிரை ஹாப்பிங்கில் சூது இருக்கிறது என்றேனே. ஆறிய பீரில் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று பச்சை ஹாப்ஸைக் கொட்டி, சில நாள் ஊறவிடுவார்கள். கொதி இல்லாததால் புதிதாக ஐசோ ஆல்ஃபா அமிலம் உருவாகாது. மணம் மட்டும் இறங்கும் என்பதுதான் எண்ணம். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஷெல்ஹாமரின் குழு 2018இல் இதை அளந்து பார்த்தது. லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் ஹாப்ஸ் கொட்டினாலும் மணம் அந்த வேகத்தில் ஏறவில்லை. எலுமிச்சை வாசம் பின்தங்கி, தேயிலையும் பச்சிலையுமான வாசம் மேலெழுந்தது. இரட்டித்தால் இரட்டிக்கும் என்ற கணக்கு இங்கேயும் பொய்த்தது.

அதைவிட விநோதம் இன்னொன்று. பீர் முழுவதும் நொதித்து அடங்கிவிட்டது என்று நினைத்த பிறகு, ஹாப்ஸ் போட்ட தொட்டியில் மறுபடி குமிழி வரும். அடர்த்தி இறங்கும், ஆல்கஹால் ஏறும். பர்ட்டன் நகரத்து ஆய்வாளர்களான ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மாரிஸும் 1893இலேயே காரணத்தைக் கண்டு எழுதிவிட்டார்கள். ஹாப்ஸ் பூவுக்குள்ளும் அமைலேஸ் நொதிகள் இருக்கின்றன. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின்களை அவை வெட்டிக் கொடுக்கின்றன. தூங்கப்போன ஈஸ்ட் எழுந்து வந்து சாப்பிடுகிறது. டிரை ஹாப்பிங் குறைந்த காலத்தில் ஏறக்குறைய மறந்துபோன இந்தச் சங்கதி, டபுள் ஐபிஏக்கள் கிலோ கிலோவாக ஹாப்ஸ் கொட்டத் தொடங்கியதும் ‘ஹாப் கிரீப்’ என்ற புதுப்பெயரோடு திரும்பி வந்தது. ஷெல்ஹாமரின் குழு, முடிந்துபோன ஒரு பீரில் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் சேர்த்து 40 நாள் வைத்துப் பார்த்தது. ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. குப்பிக்குள் இது நடந்தால் மூடி பறக்கும். பாதியில் நின்றால் வெண்ணெய் நாற்றம் மிஞ்சும்.

காய்ச்சுகிறவர் 68 டிகிரியில் ஊறவைத்துப் பார்த்துப் பார்த்துச் சேமித்த மால்ட்டின் கனத்தை, வாசத்துக்காகப் போட்ட ஹாப்ஸ் பின்னால் வந்து அறுத்துவிட்டுப் போகிறது. தராசின் ஒரு தட்டில் வைத்த பொருள் மறுதட்டில் உள்ளதைத் தின்கிறது. சிலுர்ஸோவின் 30 சதவீதத்தை இப்போது திரும்பிப் பார்த்தால் கஞ்சத்தனமாகத் தெரியவில்லை. கூட்டிய மால்ட் ஆல்கஹாலைக் கொடுத்தது, உடம்பைக் கொஞ்சம் கொடுத்தது. அதற்கு மேல் கூட்டியிருந்தால் கசப்பு இறங்குவது குறைந்திருக்கும். இறங்கிய கசப்பும் மறைந்திருக்கும். எல்லாவற்றையும் சரிக்கட்ட இன்னும் ஹாப்ஸ் கேட்டிருக்கும். கசப்பை எடுத்துக்காட்ட அவர் இனிப்போடு போட்டி போடவில்லை. இனிப்பு விலகி நிற்க இடம் பார்த்துக் கொடுத்தார்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த சமநிலையும் நிலையானதல்ல. குப்பியில் அடைத்த நாளிலிருந்தே ஹாப்ஸ் மணம் மங்கத் தொடங்கும். கசப்பும் மெல்லச் சிதையும். உள்ளே புகுந்த துளி ஆக்சிஜன் நனைந்த அட்டை வாசத்தைக் கொண்டுவரும். கண்ணாடி வழியே வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருளே உடைந்து நாற்றமெடுக்கும். மால்ட்டோ அவ்வளவு சீக்கிரம் போகாது. ஹாப்ஸ் பின்வாங்கிய இடத்தில் கேரமலும் உலர்ந்த பழ வாசமும் முன்னால் வரும். நான்கைந்து மாதம் வெக்கையான அலமாரியில் கிடந்த டபுள் ஐபிஏவைத் திறந்தால், ஒரு பொட்டு மால்ட்கூடச் சேர்க்காமலே இனிப்பு கூடியிருப்பதாக நாக்கு சொல்லும். பார்லி வைனைப் போல வருஷக்கணக்கில் பத்திரப்படுத்த வேண்டாம், புதிதாகவே குடித்துவிடுங்கள் என்று ரஷ்யன் ரிவர்க்காரர்கள் பிளைனி குப்பியின் மேலேயே அச்சடித்து வைத்திருப்பது இதனால்தான்.

பழைய சாமான்களின் வாடையை மூடி மறைக்கப் போட்ட ஹாப்ஸில் தொடங்கியது இந்தப் பீர். மால்ட்டை மெலியவைத்து மெலியவைத்து, இன்றைக்கு எந்த வாடையையும் மூடி வைக்க இடமில்லாத பீராக அது மாறிவிட்டது. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் டபுள் ஐபிஏ குப்பியைக் கையில் எடுத்ததும் ஐபியு எண்ணைத் தேடுவதில்லை. அடைத்த தேதி எங்கே என்று திருப்பிப் பார்க்கிறார்கள்.